பாதிப் படிப்புக்கு வந்த வேலை

மகனே, நீ கொழும்பிலிருந்து எழுதிய கடிதம் எட்டு நாளுக்கு முன் என் கைக்கு வந்தது. பாக்கு ஏற்றி வந்த கப்பலை ஓட்டிய தண்டல் அதை மெழுகுத்துணியில் சுற்றி, ஒரு துளி உப்புத்தண்ணீர் படாமல் கொண்டுவந்து கொடுத்தார். உன் அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் முறை அவள் கேட்டபோது கண் வலிக்கிறது என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன். கண் வலிக்கவில்லை. "படிப்பெல்லாம் வேலை கிடைப்பதற்குத்தானே, நைனா? அந்த வேலை படிப்பு முடியுமுன்பே தேடி வரும்போது, இன்னும் ஒன்றரை வருஷம் இங்கே உட்கார்ந்து நான் என்ன செய்யப் போகிறேன்?" என்று கேட்டிருக்கிறாயே, அந்த வரியை மறுபடியும் வாய்விட்டு வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் எட்டு நாள் ஆகியிருக்காது. வாடைக்காற்று நிலைத்துவிட்டது. அதே கப்பல் நாளை மறுநாள் நங்கூரம் எடுக்கிறது. அதற்குள் எழுதி முடித்தாக வேண்டும். என் எழுத்து உனக்குத் தெரியும், ஒற்றும் புள்ளியும் தவறிப்போயிருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. பாதியில் கோபம் வந்தாலும் நிறுத்தாதே.

கோட்டைத் துபாஷ் உனக்கு நேராக எழுதியதோடு நிற்கவில்லை. போன வாரம் நம் வீட்டுக்கே வந்தார். ஒல்லாந்தர் சொல்வதை நமக்கும், நாம் சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்கிற மனிதர், நம் தோணிரேவுத் துறைக்குப் பல்லக்கில் வந்து இறங்குகிறார் என்றால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள். வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். உன் அம்மா மோர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "உன் புள்ள எழுத்தப் பாத்தேன்யா, முத்து முத்தா இருக்குது. கோட்டையில எழுத்தர் எடம் காலியா கெடக்குது. அடுத்த கப்பல்லயே வரச் சொல்லு," என்றார். படிப்பு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறதே என்றேன். சிரித்தார். "அங்க இனிமே சொல்லிக் குடுக்கறது நமக்கு இன்னாத்துக்கு? சட்டம், தர்க்கம்னு வாயடிக்கக் கத்துக் குடுப்பான். எனக்கு வேண்டியது பாத்து எழுதற கை. அதுல இன்னா இருக்குதுனு ஜனத்துக்கு எப்பிடிச் சொல்லணுமோ, அத நான் சொல்லிக் குடுத்துக்கறேன்."

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் காலிச் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். உன் அம்மா உள்ளேயிருந்து என்னைப் பார்த்தாள். "மவனுக்கு எழுதிக் கேக்கறேன் ஐயா," என்று மட்டும் சொன்னேன். "கேக்கறதுக்கு இன்னா இருக்குது? நீ தகப்பன், வரச் சொன்னா வர்றான். என் தயவுல கோட்டைச் சரக்கு உன் தோணியில ஏறுது, அதயும் நெனப்புல வெச்சுக்க," என்று சொல்லிவிட்டுப் போனார். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஜனத்துக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர் பேசியது ஏன் என்னை உலுக்கியது என்று உனக்குப் புரிய வேண்டுமானால் உன் அத்தையைப் பற்றி எழுத வேண்டும். என் தங்கை நாகம்மா, நீ கைக்குழந்தையாக இருந்தபோது பேதி கண்டு செத்துப்போனாள் என்று சொல்லி உன்னை வளர்த்தோம். அது பொய். அவள் சாகவில்லை. சாகவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு அப்போது ஒன்றரை வயது. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்துவிட்டது. ஏரிக்கு ஆற்றுத்தண்ணீர் வரவில்லை. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் மண் மூடிக்கொண்டது. தண்ணீர் வற்றி உப்பேறி, மீன் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. சேற்றில் கைவிட்டு இறால் தடவுகிற ஜனங்கள் நாளெல்லாம் தவழ்ந்தும் ஒரு ஓலைக் கொட்டான் நிறையவில்லை. மேற்கேயிருந்து நெசவுக்காரர்களும் குடியானவர்களும் கூட்டம் கூட்டமாகக் கோட்டையைப் பார்த்து வந்தார்கள். வழியிலேயே விழுந்தவர்களும் உண்டு. உன் அம்மாவுக்குப் பால் நின்றுவிட்டது. நீ அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடுவாய். நாகம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு கஞ்சித்தண்ணியைத் துணியில் நனைத்து உன் வாயில் பிழிவாள். அவளுக்கு இருபது வயது. புருஷன் கடலில் மூழ்கிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. புள்ளை இல்லை. உன்னைத்தான் தன் புள்ளை என்று சொல்லிக்கொள்வாள்.

இன்றைய துபாஷ் அன்று வாலிபர், கோட்டைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் தரகராக இருந்தார். நாகப்பட்டினத்துக் கோட்டையில் நெல் குத்துகிற வேலை, ஒரு வருஷம், இரண்டு வேளைச் சோறு, புறப்படும்போதே வீட்டுக்கு அரிசி என்று ஊர் ஊராகச் சொல்லிவந்தார். நாகம்மா நானே போகிறேன் என்று சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. அந்த இரண்டு முறையும்கூட என் குரலில் பலம் இருந்ததா என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொள்கிறேன். கோட்டை வாசலில் ஒரு பந்தலில் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். ஒல்லாந்தர் பாஷையில் எழுதிய காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தமிழில் வாசித்துச் சொன்னார்: ஒரு வருஷம், நாகப்பட்டினம், நெல் குத்துகிற வேலை. தரகர் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாகம்மா ஒரு கோடு போட்டாள். அவளைத் தெரிந்தவன் ஒருவன் சாட்சி போட வேண்டும் என்றார்கள். எழுதுகிற இறகை வாங்கி, எனக்குத் தெரிந்த ஒரே உருவமான ஒரு தோணியை வரைந்தேன். எழுதத் தெரியாதவன் போடுகிற அடையாளத்துக்குத் தற்குறி என்று பெயர். அதைப் போடுகிறவனுக்கும் அதே பெயர்தான். காகிதத்தின் நகல் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். அரிசி கொடுத்தார்கள். அதில்தான் நீ பிழைத்தாய்.

இதற்கு மேல் எழுதுவது கஷ்டம். கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும் என்பது உனக்குத் தெரியும். ஆளையும் சரக்கையும் தோணியில்தான் கொண்டுபோக வேண்டும். அன்று போன நான்கு தோணியில் ஒன்று என்னுடையது. நாகம்மா என் தோணியில்தான் வருவேன் என்று பிடிவாதமாக ஏறினாள். இருபது பேர் இருந்தார்கள், ஈட்டியோடு ஒரு சேவகன் இருந்தான். துடுப்புப் போட்டவர்களில் ஒரு கப்பல்காரன் இருந்தான், பல தேசம் போய் வந்த துருக்கன். பாதி வழியில் அவன் என் காதருகே குனிந்து, "நாகப்பட்டினம்னு யார் சொன்னது? இது கடலுக்கு அந்தாண்ட பத்தாவியாவுக்குப் போற கப்பல். அங்க போனவன் எவனும் திரும்புனதில்ல," என்றான். நாகம்மா என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அரைகுறையாகக் கேட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்து, "இன்னா அண்ணே சொல்றான் அவன்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல நாகு. காத்தப் பத்தி சொல்றான்," என்றேன்.

மகனே, நான் தோணியைத் திருப்பியிருக்கலாம். சேவகன் குத்தியிருப்பான், அல்லது குத்தியிருக்க மாட்டான். அது வேறு. குறைந்தபட்சம் அவள் கேட்ட கேள்விக்கு நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். கரை இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது, அவள் நன்றாக நீந்துவாள். நான் வீட்டில் இருந்த அரிசியை நினைத்தேன். உன்னை நினைத்தேன். துருக்கன் சொல்வது பொய், காகிதத்தில் ஒரு வருஷம் என்று எழுதியிருக்கிறது, காகிதம் பொய் சொல்லுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துடுப்பை வலித்தேன். கப்பலில் ஏணியைப் பிடித்து ஏறும்போது அவள் திரும்பி, "புள்ளைக்குக் கஞ்சிய ஆறவெச்சுக் குடுக்கச் சொல்லு அண்ணிகிட்ட," என்றாள். அவ்வளவுதான்.

ஒரு வருஷம் காத்திருந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து வருகிற ஒவ்வொரு கப்பலுக்கும் நானே முதலில் தோணியை விட்டேன். இரண்டு வருஷம், மூன்று வருஷம். தரகரைக் கேட்டால், "அங்க கல்யாணம் கட்டிக்கினு சுகமா கீறாளாம்," என்றார். அந்தக் காகிதத்தை மூங்கில் குழாயில் போட்டு வைத்திருந்தேன். ஊரில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் கோட்டைக்குள் இருந்தார்கள், அவர்களிடம் கொண்டுபோக எனக்குப் பயம். பொய் சொல்வார்களோ என்று பாதிப் பயம். நிஜத்தைச் சொல்லிவிடுவார்களோ என்று பாதிப் பயம்.

உன்னைப் படிக்க வைத்தது அந்தக் காகிதத்துக்காகத்தான். கோட்டையில் உத்தியோகம் கிடைக்கும், என் மகன் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவான் என்று ஊரெல்லாம் சொன்னேன், உன்னிடமும் அதையே சொல்லி வளர்த்தேன். இன்று நீ படிப்பு என்றால் வேலைக்குத்தானே என்று கேட்கிறாய் என்றால் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். நீ தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் சொல்லச் சொல்ல, உன்னோடு நானும் எழுதிப் பழகினேன். 'ழ' எனக்கு வரவே இல்லை. நீ ஏழு வயதில் என் தலையில் குட்டினாய், நினைவிருக்கிறதா? பிறகு கோட்டைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமானால் அவர்கள் வேதத்தில் சேர வேண்டும் என்றார்கள். உனக்குத் தண்ணீர் தெளித்து வேறு பெயர் வைத்த அன்று உன் அம்மா அடுப்பு மூட்டவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இன்றும் உன் அம்மா உன்னைப் பழைய பெயரில்தான் நினைக்கிறாள். இதையெல்லாம் மீறி உன்னை அங்கே தள்ளினேன். ஒருநாள் நீ பள்ளிக்குப் போகாமல் நண்டு பிடிக்கிறவர்களோடு சேற்றில் இறங்கியபோது கயிற்றால் அடித்தேனே, உன் முதுகில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கும். "ஒரு நாள் போகலனா குடியா முழுகிப்பூடும்?" என்று உன் அம்மா குறுக்கே விழுந்தாள். அவளுக்கு நான் காரணம் சொல்லவில்லை. அந்த அடிக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். நீ செய்த தப்புக்கு விழுந்த அடி இல்லை அது.

உனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது ஒரு மத்தியான வேளையில் அந்தக் காகிதத்தை எடுத்து உன் கையில் கொடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் அது யாருடையது என்று உனக்குத் தெரியாது. நீ விரலை வைத்து மெதுவாகப் படித்தாய். "நாகாமானு ஒரு பொம்பள நைனா, தன்னையே வித்துக்கிட்டதா போட்டுகீது."

"ஒரு வருசத்துக்குனு இருக்குதா?" என்று கேட்டேன்.

"வருசம்னே எதுவும் இல்ல. என்னைக்கும்னு இருக்குது. அவளுக்குப் பொறக்கப்போற புள்ளைங்களும்னு இருக்குது."

"எந்த ஊருக்கு?"

"பத்தாவியா." அப்புறம் நீ சிரித்தாய். "சாட்சினு கீழ ஒரு தோணி கிறுக்கி வெச்சிருக்கான் பாரேன், சின்னப் புள்ள மாதிரி. யாரு நைனா இது?"

"யாரோ ஒரு தற்குறி," என்று சொல்லிக் காகிதத்தை வாங்கிக்கொண்டேன். நீ விளையாடப் போய்விட்டாய். நான் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்று அழுதால் யாருக்கும் தெரியாது.

மறுநாள் அந்தப் பழைய எழுத்தரைத் தேடிப்போனேன். அவர் அப்போது வேலையை விட்டுவிட்டு, கோட்டைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் மகள் வீட்டில் இருந்தார். அடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன். கண் மங்கிய மனிதர், என்னை அடையாளம் தெரியவில்லை. காகிதத்தில் ஒன்று எழுதியிருக்க, வேறொன்றை ஏன் வாசித்தாய் என்று கேட்டேன். அவர் காகிதத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு, "நான் எங்கய்யா வாசிச்சேன்? எனக்கு அந்தப் பாஷை பாதிதான் தெரியும். பள்ளியில ரெண்டு வருசம் போனேன், எழுத்துப் பழகிச்சு, உடனே வேலைக்குக் கூப்ட்டாங்க, வந்துட்டேன். ஒண்ணப் பாத்து இன்னொண்ணு எழுதுவேன். சட்டத்து வார்த்தைங்க அர்த்தமெல்லாம் தெரியாது. இப்பிடிச் சொல்லுனு தரகர் சொல்லுவாரு, அப்பிடிச் சொல்லுவேன்," என்றார். சந்தேகமே வரவில்லையா என்று கேட்டேன். "வந்துது. நாலாவது வருசம் வந்துது. அப்போ எனக்கு மூணு புள்ளைங்க. கேட்டா எடத்த விட்டு எழுப்பிடுவாங்க. எழுப்பிட்டா நான் எங்க போறது? முழுசாப் படிச்சவனா இருந்தா இன்னொரு துறைமுகத்துல, இன்னொரு கோட்டையில போய் நிக்கலாம். பாதி படிச்சவன அவரு ஒருத்தர்தான் வெச்சுப்பாரு. அதனாலதான் என்ன வெச்சுக்கினாரு." அவரை அடிக்க முடியவில்லை. அவர் மகள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது புரிகிறதா மகனே? அந்த எழுத்தருக்குப் பிறகு அவர் இடத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்து போனார்கள். அந்த இடம்தான் இன்று உனக்கு வந்திருக்கிறது. இந்த வருஷமும் மழை இல்லை. போன வருஷமும் இல்லை. ஆரம்பாக்கத்துப் பக்கம் குளங்கள் வெடித்துக் கிடக்கின்றன. மறுபடியும் கோட்டை வாசலில் பந்தல் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் உன் கை அவசரமாகத் தேவைப்படுகிறது. நீ படிப்பை முடித்துவிட்டு வந்தால் துபாஷுக்கு நீ உதவமாட்டாய்.

படித்தவனெல்லாம் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. துபாஷ் முழுக்கப் படித்தவர். அந்தக் காகிதத்தின் ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தார். படிப்பு அவரைத் தடுக்கவில்லை. படித்து முடித்தால் பெரிய உத்தியோகம் நிச்சயம் என்றும் சொல்லமாட்டேன். உன்னோடு போன பையன்களில் முடித்துவிட்டு வேலை இல்லாமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். உனக்கும் அப்படி ஆகலாம். அப்போது ஊர் சிரிக்கும், நீயும் என்னைத் திட்டுவாய். ஆனால் வேலை தேடிப் போகிறவனுக்கு இரண்டு சங்கதி வேண்டும் என்று அந்தக் கண் மங்கிய மனிதரிடம் நான் தெரிந்துகொண்டேன். உள்ளே நுழைகிற தகுதி ஒன்று. பிடிக்காதபோது எழுந்து வெளியே வருகிற தகுதி ஒன்று. முதலாவது உனக்கு இப்போதே வந்துவிட்டது. இரண்டாவதற்குத்தான் அந்த ஒன்றரை வருஷம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் படிக்காதவன், தப்பாகவும் இருக்கலாம்.

முந்தாநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், பிறர் வாயால் உனக்குத் தெரிய வேண்டாம். மூன்று பேரைக் கப்பலுக்குக் கொண்டுபோகச் சொல்லி என் தோணிக்கு அனுப்பினார்கள். ஒரு நெசவுக்காரர், அவர் தம்பி, தனியாக ஒரு பெண். கூட ஒரு சேவகன். இத்தனை வருஷமாக ஆளேற்றும் வேலை வந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். நான் போகாவிட்டால் இன்னொருவன் போவான், அது மட்டும்தான் நடந்தது. அன்று தப்பிக்கவில்லை. தோணியைத் தள்ளுவதற்கு முன் அவர்களைக் கேட்டேன், "எங்க போறீங்கனு தெரியுமா?"

"நாகப்பட்டினம்," என்றார் நெசவுக்காரர். "ஒரு வருசம்."

"இல்ல. இது பத்தாவியா கப்பல். வருசக் கணக்கே இல்ல. என் கூடப் பொறந்தவள நானே இப்பிடித்தான் ஏத்திவிட்டேன், இன்னும் வர்ல," என்றேன். சேவகன் என் மேல் பாய்ந்தான். நான் துடுப்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டேன். அவன் ஈட்டிக்கட்டை என் தோளில் விழுந்தது, எலும்பு உடையவில்லை, கவலைப்படாதே. அதற்குள் அண்ணனும் தம்பியும் தண்ணீரில் குதித்துக் கரையேறிப் பனங்காட்டுப் பக்கம் ஓடிவிட்டார்கள். சேவகன் அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடினான். தோணியில் நானும் அந்தப் பெண்ணும் மட்டும்.

அவள் அசையவே இல்லை. "நீயும் போம்மா," என்றேன். அவள் என்னைப் பார்த்து, "அங்க சோறு போடுவாங்களா அண்ணே?" என்று கேட்டாள். போடுவார்கள், ஆனால் திரும்பி வர முடியாது என்றேன். "திரும்பி வர்றதுக்கு இங்க எனக்கு யாரு இருக்காங்க? ரெண்டு புள்ளைங்கள வழியில பொதைச்சிட்டு வந்தேன்," என்றாள். நம் வீட்டுக்கு வந்து இரு என்று கேட்டேன். உன் வீட்டில் எத்தனை நாளைக்குச் சோறு இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்த சேவகன் உட்கார்ந்ததும் தோணியைத் தள்ளினேன். வழியெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். எத்தனை நாள் பயணம், அங்கே மழை பெய்யுமா, பெண்களுக்கு என்ன வேலை என்று. தெரிந்ததைத் தெரிந்த மாதிரியே சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். பெயரையும் ஊரையும் கேட்டு, கப்பலிலிருந்து திரும்பி வந்ததும் ஓலையில் எழுதி வைத்தேன். காத்தாயி, ஆரம்பாக்கத்துக்கு மேற்கே நாலு காதம். தேடிக்கொண்டு யாராவது வந்தால் சொல்லலாம். வருவார்கள் என்று நம்பிக்கை இல்லை, இருந்தாலும் எழுதினேன்.

நேற்றுக் காலையில் கோட்டையிலிருந்து ஆள் வந்து, இனிமேல் கோட்டைச் சரக்குக்கு என் தோணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். உன் அம்மா ஏன் என்று கேட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும், ஆனால் நாகம்மா கேட்ட கேள்விக்கு தோணியில் நான் சொன்ன பதில் அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அவளிடம் சொன்னதில்லை. அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். ஏரிக்கரையில் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து என் தோளுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். "புள்ளைக்கும் இத எழுதிடு. ஒண்ணும் மறைக்காத," என்றாள். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தவிர என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

ஆகவே மகனே, வீட்டு நிலைமை இதுதான். தோணி கரையில் கிடக்கிறது. நாளையிலிருந்து நானும் சேற்றில் இறங்கி இறால் தடவப் போகிறேன். கிடைப்பது இரண்டு பேருக்குப் போதுமா என்று தெரியாது. நீ இப்போதே வேலைக்கு வந்தால் எங்கள் கஷ்டம் தீரும் என்பது நிஜம். அதை மறைத்துவிட்டு உனக்கு உபதேசம் செய்தால் அது இன்னொரு பொய். உன் அம்மா மெலிந்திருக்கிறாள், அதையும் மறைக்கவில்லை. நீ வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தால் உன்னை வெறுக்க மாட்டேன். எனக்கு வெறுக்க உரிமை இல்லை. வராமல் படிப்பை முடித்தால் சந்தோஷப்படுவேன். வேறு எங்காவது, யாரும் யாரையும் விற்காத ஒரு வேலை கிடைத்துப் பாதியிலேயே போனாலும் எனக்குச் சம்மதம்தான்.

துபாஷ் பதில் கேட்டு இன்றும் ஆள் அனுப்பினார். என் தோணியை நிறுத்திய பிறகும் உன்மேல் அவருக்கு ஆசை குறையவில்லை. நான் அவருக்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் மகனுக்கு எழுதத் தெரியும், அவனே எழுதுவான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் பதிலை அவருக்கு நேராகவே எழுது. அவர்கள் பாஷையிலேயே எழுது, ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்து எழுது. எங்களுக்குத் தமிழில் நாலு வரி போதும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.